கூடுதலாகக் கிடைத்த ஆண்டுகள்

ஆலயத்தில் கைகூப்பி நிற்பவர் அங்கே நிற்கும் நேரம் சில நிமிடங்கள்தாம். அந்தச் சில நிமிடங்களுக்காக யாரோ ஒருவர் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார். சுவரில் ஓடும் ஒரு கோட்டுக்கும், சாளரத்தின் வழியே தரையில் விழும் ஒரு நிறத்துக்கும் பின்னே இருந்த மனிதரை வழிபட வருவோர் பெரும்பாலும் நினைப்பதில்லை. தம்மை நினைக்க வேண்டும் என்று அந்த மனிதரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் வான்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள டொமினிக்கன் சபைக் கன்னியரின் சிற்றாலயம் அத்தகைய ஒரு மனிதரின் நான்காண்டு உழைப்பில் உருவானது. அவர் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவரான ஆன்ரி மத்தீஸ். அப்பணியில் அவர் இறங்கியபோது வயது 77. நெடுநேரம் எழுந்து நிற்கக்கூட இயலாத உடல்நிலை.

மத்தீஸ் ஓவியராகப் பிறந்தவர் அல்லர். 1869ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று வட பிரான்சில், தானிய வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி சட்டம் பயின்று, வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராக வேலை பார்த்தார். கோப்புகளைப் பார்த்து நகல் எழுதும் அந்த வேலையில் அவர் மனம் ஒட்டவில்லை. 1890இல் குடல்வால் அழற்சியால் படுக்கையில் விழுந்தார். பொழுது போகட்டும் என்று அன்னை ஒரு வண்ணப் பெட்டியை வாங்கிக் கையில் கொடுத்தார். அந்தப் பெட்டியைத் திறந்ததும், தாம் வாழ வேண்டிய வாழ்வு இதுவே என்று அந்த இளைஞர் உணர்ந்தார். அப்போது வயது இருபது. அதன்பின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருடைய படங்களைப் பார்ப்பவர்கள் முதலில் உணர்வது எளிமையை. நாலைந்து கோடுகளில் ஒரு முகம், இரண்டு மூன்று வண்ணங்களில் ஓர் அறை. ‘இதில் என்ன சிரமம்? குழந்தைகூட வரைந்துவிடுமே!’ என்று தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாகவும் இருந்தது. நாளெல்லாம் மூளையைக் கசக்கி உழைத்துக் களைத்தவனுக்கு நல்லதொரு சாய்வு நாற்காலி எப்படியோ, அப்படித் தம் ஓவியம் மனத்துக்கு இளைப்பாறுதல் தர வேண்டும் என்று 1908இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் குறிப்பிட்டார்.

ஆனால் அந்த ஓவியக்கூடத்தின் உள்ளே நடந்தது வேறு. நாள் தவறாமல், குறித்த நேரத்தில் அவர் வேலைக்கு அமர்வார். மாலைவரை வரைந்தது நிறைவு தராவிட்டால் அதைத் துடைத்துவிட்டு மறுநாள் காலை அதே திரையில் மீண்டும் தொடங்குவார். ஒவ்வொரு நிலையையும் புகைப்படம் எடுத்து வைக்கும் பழக்கமும் இருந்தது. 1945 டிசம்பரில் பாரிஸ் நகரில் நடந்த ஒரு கண்காட்சியில் முடிவுற்ற ஓவியங்களை மாட்டி, அவற்றைச் சுற்றி அந்தப் புகைப்படங்களையும் வரிசையாக மாட்டச் செய்தார். ஒரே மூச்சில் வரைந்ததுபோல் தோன்றிய படத்துக்கு முன்னே எத்தனை முயற்சிகள் கைவிடப்பட்டன என்பதை மக்கள் அன்று கண்ணாரக் கண்டனர். தம் படங்களின் எளிமையைப் பார்த்து, உழைக்காமலே கலை கைகூடும் என்று இளைஞர்கள் தவறாக எண்ணிவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு இறுதிவரை இருந்தது.

இத்தகைய உழைப்பாளிக்கு 1941இல் பெரும் சோதனை வந்தது. குடலில் புற்றுநோய். லியோன் நகரில் அறுவை சிகிச்சை நடந்தது. அதைத் தொடர்ந்து வந்த சிக்கல்களில் உயிர் ஊசலாடியது. பிழைத்தெழுந்தபோது, அவரைப் பராமரித்த கன்னியர், மரித்து உயிர்த்தவர் என்று அவருக்குச் செல்லப் பெயர் சூட்டினர். அவரும் எஞ்சிய நாள்களைக் கணக்கில் இல்லாமல் கூடுதலாகக் கிடைத்த இரண்டாம் வாழ்வாகவே கருதினார்.

எழுபத்தோரு வயது. உலகப் புகழ் வந்துவிட்டது. உடலோ ஒத்துழைக்கவில்லை. இனி ஓய்வெடுக்கலாம் என்று அவர் முடிவு செய்திருந்தால் குறை சொல்வார் யார்? அவரோ படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தவாறு கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். உதவியாளர்கள் தாள்களில் வண்ணம் பூசி உலர்த்திக் கொடுப்பார்கள். அவர் அவற்றை நேரடியாக இலையாகவும் பறவையாகவும் கடற்பாசியாகவும் வெட்டுவார். அவர் சொல்லும் இடத்தில் அவை சுவரில் குத்தப்படும், பிறகு நகர்த்தப்படும், மீண்டும் நகர்த்தப்படும். நடக்க முடியாத முதியவரின் அறைச்சுவர்கள் ஒரு தோட்டமாயின.

சிற்றாலயப் பணி வந்த வழியும் உருக்கமானது. 1942இல் நீஸ் நகரில் அவரை இரவு நேரங்களில் கவனித்துக்கொள்ள மோனிக் என்ற இளம் செவிலியர் வந்தார். சில ஆண்டுகளில் அப்பெண் துறவறம் பூண்டு சகோதரி ழாக் மரி ஆனார். வான்ஸ் ஊரில் இருந்த கன்னியருக்கு முறையான வழிபாட்டுக் கூடம் இல்லை. மழைக்கு ஒழுகும் ஒரு கொட்டகையே அவர்களுக்கு ஆலயம். அதற்கொரு சாளரம் அமைக்க எண்ணித் தாம் வரைந்த மாதிரியைச் சகோதரி பழைய நோயாளியிடம் காட்டினார். நோய்ப் படுக்கையில் தமக்குத் துணையிருந்தவரின் வேண்டுகோள் அது. ஒரு சாளரத்துக்கு யோசனை சொல்லத் தொடங்கிய மத்தீஸ், ஆலயம் முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டார்.

நீஸில் அவருடைய பெரிய அறை ஓவியக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் ஆலயத்தின் மாதிரியாகவும் ஒருங்கே மாறியது. நீண்ட மூங்கிற்கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, அமர்ந்த நிலையிலேயே எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட உருவங்களை வரைந்தார். வெள்ளைப் பீங்கான் ஓடுகளின்மீது கறுப்புக் கோடு மட்டுமே. புனித டொமினிக்கின் முகத்தில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. முட்டை வடிவில் ஒரு கோடு. பார்ப்பவர் தம் மனத்தால் நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டதுபோல் இருக்கிறது. சாளரங்களுக்கு மூன்றே வண்ணங்கள்: மஞ்சள், பச்சை, நீலம். பச்சையும் நீலமும் தெளிந்த கண்ணாடி. மஞ்சள் மட்டும் ஊடுருவிப் பார்க்க முடியாதது. வெளியே ஓடும் பார்வையை அது உள்ளே நிறுத்துகிறது. வெயில் வரும்போது அந்த வண்ணங்கள் வெள்ளைத் தரையிலும் சுவரிலும் வந்து படிகின்றன. பொழுதுக்கேற்ப இடம் மாறுகின்றன.

மத்தீஸ் ஆலயத்துக்கு நாள்தோறும் செல்லும் பக்தர் அல்லர். நண்பர் பிக்காசோ, ‘ஆலயம் எதற்கு? ஒரு சந்தையைக் கட்டி அதில் காய்கனிகளை வரையலாமே’ என்ற பொருளில் கேலி பேசினார். நம்பிக்கை இல்லாதவர் வழிபாட்டிடம் அமைப்பது முறையா என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கான விடையை மத்தீஸ் முன்னரே, 1947இல் வெளிவந்த ‘ஜாஸ்’ என்னும் நூலில், தம் கையெழுத்திலேயே எழுதிவிட்டார். கடவுளை நம்புகிறீரா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, வேலை செய்யும்போது நம்புவதாக அவர் கூறுகிறார். பணிவோடு அமர்ந்து உழைக்கும் வேளையில், தம் ஆற்றலுக்கு மிஞ்சியதைத் தம் கைகொண்டு யாரோ செய்விப்பதாக உணர்கிறார். அதோடு நிற்கவில்லை. அந்த உதவிக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை என்றும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். எப்படி நடந்தது என்று புரியாததால், உழைத்ததன் பயனான அனுபவம் தமக்குச் சேராமல் போவதாக ஒரு மனக்குறை. இவ்வளவு நேர்மையாகப் பேசுபவரின் நம்பிக்கையைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது.

1951 ஜூன் 25 அன்று ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. உடல்நலம் இடங்கொடாததால் மத்தீஸ் அந்த விழாவுக்குச் செல்லவில்லை. குறைகள் பல இருப்பினும் இதுவே தம் தலைசிறந்த படைப்பு என்று கருதுவதாக ஒரு கடிதம் மட்டும் அனுப்பினார். 1954 நவம்பர் 3 அன்று மறைந்தார். கூடுதலாகக் கிடைத்தவை ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள்.

பணி ஓய்வுக்குப் பின்னும், பெருநோயிலிருந்து மீண்ட பின்னும், பிள்ளைகள் தத்தம் வழியில் சென்ற பின்னும் நம்மில் பலருக்கு இப்படிச் சில ஆண்டுகள் கிடைக்கின்றன. அவற்றை எஞ்சிய காலம் என்று எண்ணினால் மனம் சோர்கிறது. கொடுக்கப்பட்ட காலம் என்று எண்ணினால் கை தானாகவே ஒரு வேலையைத் தேடும். அது ஓவியமாக இருக்க வேண்டியதில்லை. பேரக்குழந்தைக்குப் பாடம் சொல்லித் தருவதாகவோ, தெருமுனைக் கோயிலின் விளக்கைத் துலக்குவதாகவோ இருக்கலாம். எதுவாயினும் நாள் தவறாமல், பணிவோடு, சரியாக வராததை மறுநாள் மீண்டும் தொடங்கும் பொறுமையோடு செய்தால், செய்பவருக்கு அதுவே வழிபாடு.

நிற்க முடியாதவருக்கு ஒரு மூங்கிற்கழி போதுமானதாக இருந்தது.