விலாசச் சீட்டு

எதிர் வீட்டு மாமி கண் கலங்க வந்து நின்றாள். பெண்ணின் கல்யாணப் படங்கள் கம்ப்யூட்டர் முகப்பில் இருக்கின்றனவே என்று, உள்ளே இருந்த ஃபோல்டரை அழித்துவிட்டாளாம். இப்போது முகப்பில் தட்டினால் ஒரு படமும் திறக்கவில்லை!

முகப்பில் இருந்தது படமல்ல, 'ஷார்ட்கட்'. படம் இருக்கும் இடத்தைச் சொல்லும் விலாசச் சீட்டு. வீடே போனபின் விலாசம் எதற்கு? 1983-ல் பெர்க்லி யூனிக்ஸில் வந்த 'சிம்பாலிக் லிங்க்'கும் ஏறக்குறைய இதே ரகம்தான்.

'ஹார்ட் லிங்க்' என்பது வேறு. வீட்டில் பாப்பா, பள்ளிக்கூடத்தில் விஜயலக்ஷ்மி என்று ஒரே குழந்தைக்கு இரண்டு பெயர் இல்லையா? அப்படி ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர். ஒன்றை அழித்தாலும், மற்றது உள்ளவரை ஃபைல் பிழைத்திருக்கும். ஆனால் குழந்தை ஒன்றுதான். டிஸ்க் கெட்டால் இரண்டு பெயரும் போச்சு!

நல்ல வேளை, மாமி 'ரீசைக்கிள் பின்'னைக் காலி செய்யவில்லை. படங்கள் மீண்டன, மாமியின் சிரிப்பும் மீண்டது.

சகோதரிகளே, விண்டோஸ் கம்ப்யூட்டரில் படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி தெரிந்தால், அது வெறும் சீட்டு. அழிக்குமுன் ஒரு தரம் பாருங்கள். அருமையான படங்களுக்கு வேறொரு டிஸ்கில் தனிப் பிரதி எடுத்து வையுங்கள்.