துறைமுகம் ஒருவர்க்கு, சாலை மற்றவர்க்கோ?

திருவொற்றியூர், பொன்னேரி, பஞ்செட்டி ஆகிய மூன்று ஊர்களை இணைக்கும் மாநில நெடுஞ்சாலையை இன்று அவ்வூரார்கூட ஆங்கில முதலெழுத்துகளால் ‘டி.பி.பி. சாலை’ என்றே வழங்குகின்றனர். பெயர் சுருங்கிற்று, சுமையோ பெருகிற்று. எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் செல்லும் சரக்குந்துகளைத் தாங்கும் சாலைகளுள் அதுவும் ஒன்று.

அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டுவோர்க்குச் சிக்கலின் வேர் விளங்கும். பெருந்துறைமுகங்கள் நடுவணரசுப் பட்டியலில் 27ஆம் இனம். மாநிலச் சாலைகள் மாநிலப் பட்டியலில் 13ஆம் இனம். கப்பல் அணையும் மேடை தில்லிக்கு; அம்மேடைக்குச் செல்லும் ஊர்திகள் உழுதுபோடும் தரை தமிழ்நாட்டுக்கு! எண்ணூர் 1999இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்று 2001இல் இயங்கத் தொடங்கியது. வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதே அதன் முதல் நோக்கம். 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் சென்னைத் துறைமுகம் நிலக்கரியைக் கைவிட்டபோது, அதுவும் எண்ணூருக்கே நகர்ந்தது. இராயபுரத்தார் மூச்சுவிட்டனர். கரித்துகள் ஒழியவில்லை, இடம் மாறிற்று, அவ்வளவே. 2020இல் எண்ணூரில் நடுவணரசுக்கிருந்த பங்குகளைச் சென்னைத் துறைமுகமே வாங்கிக்கொண்டது. சாலையோரத்தார்க்கு அதனால் வந்தது ஏதுமில்லை.

சாலையைச் சீர்செய்ய எவரும் முயலவில்லை என்பதன்று. இதனையும் மணலிச் சாலையையும் உள்ளிட்ட ஏறத்தாழ 30 கிலோமீட்டரை அகலப்படுத்த இரு துறைமுகங்கள், தேசிய நெடுஞ்சாலை ஆணையம், தமிழ்நாட்டரசு ஆகிய நால்வரும் கூடினர். நால்வர் கூடிய பணி பத்தாண்டுக்கு மேல் இழுபட்டது. அக்காலமெல்லாம் துறைமுக வாயிலில் இடமின்றிச் சரக்குப் பெட்டக ஊர்திகள் சாலைகளிலேயே அணிவகுத்து நின்றன. ஓட்டுநர் உண்டதும் உறங்கியதும் அங்கேயே. அவ்வூர்திகளின் இடுக்கில் மிதிவண்டியில் சென்ற பிள்ளைகளைப் பற்றி எந்தப் பட்டியலிலும் ஓரினமும் இல்லை.

காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் மலையெனக் குவிந்த பொதிகளுக்குப் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அங்குத் துறையும் சோழனது. துறைக்குச் செல்லும் வழியும் சோழனது. வழி பழுதுற்றால் எவரைக் கேட்பது என்னும் ஐயம் எவர்க்கும் எழுந்திராது.

இன்று தமிழ்நாட்டரசு இரவலன்போல் கைநீட்ட வேண்டுவதில்லை. துறைமுக வருவாயில் ஆண்டுதோறும் ஒரு பங்கு அச்சாலைக்கெனச் சட்டப்படி ஒதுக்கப்பெறல் வேண்டும். காத்திருக்கும் ஊர்திகளுக்குத் துறைமுக எல்லைக்குள்ளேயே இடம் அமைத்தல் வேண்டும் என்று உரிமையோடு கேட்கலாம். பெயர்ப்பலகைகளில் மூன்று ஊர்ப்பெயர்களையும் முழுமையாய்த் தமிழில் எழுதுவதற்கோ தில்லியின் இசைவும் வேண்டா. மாநில நெடுஞ்சாலைத் துறையே அடுத்த திங்களில் அதைச் செய்து முடிக்கலாம்.