எம்-புக் யார் கையில்?

அட்மின் இன்ஜினியர் என்றொரு உத்தியோகம் நம் பொதுத்துறை நிறுவனங்களில் உண்டு. ஆர்டரில் இந்தப் பெயர் இருக்காது. டெபுடி மேனேஜர், டவுன்ஷிப் நிர்வாகம் என்றோ, சீனியர் மேனேஜர், எஸ்டேட் என்றோ போட்டிருப்பார்கள். படித்தது சிவில் அல்லது மெக்கானிக்கல். பார்ப்பது குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு, கேட் பாஸ், வண்டி லாக் புக், கெஸ்ட் ஹவுஸ் கட்டில் மெத்தை, ஆகஸ்ட் 15க்கு ஷாமியானா. டைரக்டர் வந்தால் ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்ப வேண்டும். பாராளுமன்றக் கமிட்டி வந்தால் சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும்.

இந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எப்போதாவது திரும்பிப் பார்த்திருக்கிறீர்களா தோழர்களே? ரோஸ்டர் பதிவேட்டைப் புரட்டினால் இது தெரியாது. எந்தக் கிரேடில் எத்தனை பேர் என்றுதான் அது சொல்லும். எந்த சீட்டில் என்று சொல்லாது. 15 சதம், ஏழரை சதம் எல்லாம் சரியாக நிரப்பியாச்சு என்று ஆண்டறிக்கையில் அச்சடித்துவிட்டு, நிரப்பிய ஆளைக் கொண்டுபோய் எங்கே உட்கார வைத்தார்கள் என்பதை மறைத்துவிட முடியும். மறைக்கிறார்கள்.

இன்ஜினியருக்கு அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பேசிவிடுவோம். டிகிரியில் இல்லை. எம்-புக்கில் இருக்கிறது. ஒப்பந்ததாரர் செய்த வேலையை அளந்து எழுதும் அந்த அளவுப் புத்தகத்தில் இத்தனை கன மீட்டர் கான்கிரீட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பில் நகரும். மதிப்பீடு போடுவது, தொழில்நுட்ப அனுமதி கொடுப்பது, டெண்டர் திறப்பது, அளப்பது, அளந்ததைச் சரிபார்ப்பது, இவைதான் சீட். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் இவற்றுக்கு ‘சென்சிட்டிவ்’ பதவிகள் என்று பெயர் வைத்து, ஒரே ஆளை நெடுநாள் உட்கார வைக்காதே, சுழற்சியில் மாற்று என்கிறது. மாற்றத்தான் செய்கிறார்கள். ஒரு மாமனிடமிருந்து இன்னொரு மச்சானுக்கு. நம்மவனுக்கு ‘நான்-சென்சிட்டிவ்’. தொட்டால் தீட்டு என்பதை இங்கிலீஷில் இவ்வளவு நாகரிகமாகச் சொல்ல முடியும் என்று அந்தப் பட்டியலைப் பார்க்கும் வரை எனக்குத் தெரியாது.

எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஊரும் பேரும் கம்பெனியும் வேண்டாம். அவர் இன்னும் சர்வீஸில் இருக்கிறார். எங்கள் வாசகர் வட்டத்துக்கு மூலையில் உட்கார வருபவர். சிவில். சைட்டில் இரண்டு வருஷம் இருந்தார். ஒரு சுவருக்குச் சிமென்ட் விகிதம் குறைகிறது என்று எழுதினார். மூன்றாம் மாதம் டவுன்ஷிப் நிர்வாகத்துக்கு மாற்றல். “நீங்க நல்லா பழகுறவரு, ஜனங்களோட அனுசரிச்சுப் போவீங்க” என்று பாராட்டித்தான் அனுப்பினார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே. ஏப்ரல் 14 விழாவுக்கு மாலை வாங்குவது, மைக் செட்டுக்குச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. மேடையில் உட்கார்ந்து அம்பேத்கரைப் பற்றிப் பேசுவது ஜி.எம். பொறுப்பு.

பதவி உயர்வு நேர்காணலில் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்களாம்: “நீங்கள் கையாண்ட மிகப் பெரிய ஒப்பந்தத்தின் மதிப்பு என்ன?” அண்ணன் என்ன சொல்வார்? ஹவுஸ்கீப்பிங் டெண்டர். போர்டில் ஒருவர் சிரித்தார். ‘ப்ராஜெக்ட் அனுபவம் போதாது’ என்று எழுதி மூடினார்கள். அனுபவத்தைப் பிடுங்கியதும் அவர்கள், அனுபவம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னதும் அவர்கள்.

சட்டம் இங்கே என்ன செய்கிறது என்று மாணவத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பதவி உயர்வில் இடஒதுக்கீடு கூடாது என்று 1992 இந்திரா சஹானி தீர்ப்பு சொன்னது. 1995இல் 77ஆவது திருத்தம் வந்து 16(4அ) பிரிவைச் சேர்த்தது. 2001இல் 85ஆவது திருத்தம் பணிமூப்பையும் சேர்த்துத் தந்தது. 2006இல் நாகராஜ் வழக்கில், பின்தங்கியிருப்பதற்குக் கணக்குக் காட்டு, பிரதிநிதித்துவக் குறைவுக்குக் கணக்குக் காட்டு, நிர்வாகத் திறன் கெடாது என்று காட்டு என நிபந்தனைகள் போட்டார்கள். 2018 ஜர்னைல் சிங் வழக்கில் முதல் நிபந்தனையை மட்டும் எடுத்தார்கள். இத்தனை இழுபறியும் எதற்கு? மத்திய அரசிலும் அதன் நிறுவனங்களிலும் தேர்வு முறையிலான பதவி உயர்வில் இந்த ஒதுக்கீடு குரூப் ‘ஏ’வின் கீழ்ப்படியோடு நின்றுவிடுகிறது. நம் இன்ஜினியர் வேலைக்குச் சேருவதே அந்தக் கீழ்ப்படியில்தான். ஏணி முடிகிற இடத்தில் அவன் முதல் காலை வைக்கிறான். அதற்குமேல் அவனுக்கு ரோஸ்டர் இல்லை, ரகசியக் குறிப்புதான். 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறிப்பு எதுவானாலும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்றது. இப்போது காட்டுகிறார்கள். ‘நன்று’ என்று எழுதிக் காட்டுகிறார்கள். ‘மிக நன்று’ வாங்கியவன் மேலே போகிறான்.

வங்கிக்காரனான எனக்கு இந்தக் கதை அந்நியமில்லை. 2015 ஜனவரியில், வங்கி அதிகாரிகளுக்கு ஸ்கேல் ஆறு வரை ஒதுக்கீடு உண்டு என்கிற மாதிரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2016 ஜனவரியில் மறுசீராய்வில் அதே நீதிமன்றம் அது பிழை என்று அந்தப் பத்திகளை நீக்கியது. ஒரு வருஷம் கையில் இருந்தது. நான் கிளார்க். ஆபீசர் ஆகும் ஆசை இல்லாமல் கவிதை எழுதுகிறவன். ஆனாலும் கடன் பிரிவில் யார், தபால் அனுப்பும் பிரிவில் யார் என்று பார்க்க எனக்குக் கண் இருக்கிறது.

335ஆவது பிரிவில் வரும் ‘நிர்வாகத் திறன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நம்மவர்கள் மேலே போனால் நிர்வாகத் திறன் கெட்டுவிடும் என்று கோர்ட்டில் வாதாடுகிறவர்கள்தான், நம் இன்ஜினியரைக் கொண்டுபோய் நிர்வாகத்திலேயே உட்கார வைக்கிறார்கள்! அப்போது திறன் கெடாதாம். ரயில்வேயின் இருபதாண்டுக்கு மேலான கணக்கை எடுத்து அஷ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வெய்ஸ்காஃபும் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். தலித், பழங்குடி ஊழியர் விகிதம் கூடியதால் உற்பத்தித் திறன் குறைந்ததற்கு ஆதாரமே இல்லை. உயர் பதவிகளில் கூடிய இடத்தில் பலன் நன்றாக இருந்ததற்குத்தான் அறிகுறி. இதை எந்த ஜி.எம். படித்தார்?

இன்னொரு பழைய விஷயம். பாபாசாகேப் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினர். பாசனம், மின்சாரம், பொதுப்பணி எல்லாம் அவர் இலாகா. மத்தியத் தொழில்நுட்ப மின்வாரியம் 1944இலும், நீர்வழி, பாசனக் கமிஷன் 1945இலும் அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் உருவாயின. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தை வெறும் வெள்ளத் தடுப்பாகப் பார்க்காதே, மின்சாரம், பாசனம், போக்குவரத்து எல்லாம் சேர்த்துத் திட்டமிடு என்றவர் அவர். சட்டப் புத்தகத்தைக் கையில் கொடுத்துச் சிலை வைக்கிறார்கள். அணைக்கட்டு வரைபடத்தைக் கொடுத்து ஒரு சிலையும் இல்லை. எம்-புக்கும் நம்முடையதுதான் என்ற நினைப்பே நமக்கு வராமல் போனதில் இதற்கும் பங்குண்டு என்று தோன்றுகிறது.

நம் ஆட்களிலேயே சிலர் அட்மின் சீட்டைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று ஒரு தோழர் சண்டைக்கு வந்தார். உண்மை. சைட்டில் கான்ட்ராக்டர் எந்தச் சாதி, அவன் அடியாள் எந்தச் சாதி, உள்ளூர் எம்.எல்.ஏ. எந்தச் சாதி என்று தெரிந்தவனுக்குப் பயம் இருக்காதா? அளவைக் குறைத்து எழுதினால் ராத்திரி வீட்டுக்கு வருவான். கூட்டி எழுதினால் விஜிலென்ஸ் வரும். மாட்டுபவன் நம்மவனாக இருந்தால் காப்பாற்ற ஆள் கிடையாது. பெண் இன்ஜினியர்கள் கதை இன்னும் மோசம். “உங்க பாதுகாப்புக்காகத்தாம்மா” என்ற ஒரு வாக்கியத்தில் அவர்களின் இருபது வருஷத்தை ஆபீசுக்குள் பூட்டிவிடுகிறார்கள். ஒதுங்கியவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? தனியாகப் போனால் அடிப்பார்கள் என்றால், சேர்ந்து போக வழி செய்ய வேண்டியது சங்கம். எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் சங்கங்கள் காலண்டர் அடிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, போஸ்டிங்கைக் கையில் எடுக்க வேண்டும்.

அதுவரை அந்தச் சீட்டில் இருக்கிறவர் என்ன செய்வது? அண்ணனிடம் இருக்கும் ஒரே பெரிய ஒப்பந்தம் ஹவுஸ்கீப்பிங் என்றேனே, அதில் வேலை செய்வது யார்? நம் அக்கா தங்கைகள், மாமன் மச்சான்கள். அந்த பில்லில் கையெழுத்துப் போடுவது அண்ணன். நம்ம ஆளை நம்ம ஆள் கையாலேயே மேய்க்கிற ஏற்பாடு இது, தற்செயல் அல்ல. ஆனால் பேனா பேனாதான். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டிய ரசீது வைக்காமல் பில் பாஸ் பண்ண மாட்டேன் என்று அவர் ஆரம்பித்தார். கான்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும் என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதை விழுங்கிக்கொண்டு வந்திருக்கும் புதிய சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் குவார்ட்டர்ஸ் செப்டிக் டேங்க் வழிந்தது. கான்ட்ராக்டர் இரண்டு பையன்களைக் கயிறும் வாளியுமாகக் கூட்டிவந்தான். மெஷின் இல்லை, முகமூடி இல்லை. அண்ணன் கேட் பாஸ் கொடுக்கவில்லை. மேலிருந்து போன். “ரெண்டு மணி நேர வேலைப்பா, எதுக்கு ரூல்ஸ் பேசுற?” அவர் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவைச் சொன்னார். அந்தச் சட்டம் அமலுக்கு வந்த நாள் அதே ஆண்டு டிசம்பர் 6. குழிக்குள் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் 30 லட்சம் ஆக்கியிருக்கிறது. “சார், அந்த முப்பது லட்சத்துக்கு நீங்க அனுமதி தர்றீங்களா?” என்று கேட்டாராம். மறுநாள் உறிஞ்சு லாரி வந்தது. அதற்கு மறுநாள் ‘கட்டுப்பாட்டை மீறினீர்’ என்று மெமோ வந்தது. பதில் எழுத ஏழு நாள். நாலு பேர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தோம். கோப்பு இன்னும் மூடப்படவில்லை. பையன்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

சங்கங்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம், 2005. மத்தியப் பொதுத்துறை என்றால் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். உங்கள் ஊரில் இருக்கும் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்சிட்டிவ் என அறிவிக்கப்பட்ட பொறியியல் பதவிகளின் பட்டியல். கடந்த பத்தாண்டில் ஒவ்வொரு பதவியிலும் இருந்தவர்கள் வகுப்புவாரியாக எத்தனை பேர், எத்தனை மாதம். டவுன்ஷிப், எஸ்டேட், பயிற்சி, ஸ்டோர்ஸ் பிரிவுகளில் இருக்கும் இன்ஜினியர்கள் வகுப்புவாரியாக எத்தனை பேர். பெயர் கேட்காதீர்கள். தனிநபர் தகவல் என்று 8ஆவது பிரிவைக் காட்டித் தட்டிவிடுவார்கள். எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. வந்த பதிலின் நகலை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் அட்டையின் பின்பக்கம் இருக்கும் முகவரிக்கு எழுதலாம். பாங்க் முடிந்து ஆறு மணிக்கு மேல் நான் இருப்பேன்.