ஏமாந்தவரைத் திட்டாதீங்க, முதல்ல 1930-க்கு அடிங்க!



ஆன்லைன்ல யாராவது பணத்தைப் பறிகொடுத்த செய்தி வந்தா, அதுக்குக் கீழே வர்ற கமெண்ட்டுகளைப் படிச்சுப் பாருங்க. "இவ்ளோ படிச்சும் ஏமாந்திருக்கான் பாரு", "பேராசை பெருநஷ்டம்", "நல்லா வேணும்". நம்ம ஆளுங்களும் போடுறாங்க. இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பணத்தை விட்டவங்க வீட்ல வாயைத் திறக்காம ரெண்டு நாள் உட்கார்ந்திருக்காங்க. திருடனுக்கு வேண்டியது அந்த ரெண்டு நாள்தான்.

ஏன்னா, உங்க கணக்கிலிருந்து போன பணம் நேரா திருடன் கைக்குப் போறதில்ல. முதல்ல யாரோ ஒருத்தர் பேர்ல இருக்கிற கணக்குக்குப் போகும். அங்கிருந்து நாலஞ்சா பிரிஞ்சு வேற வேற பேங்க் கணக்குகளுக்குப் போகும். கடைசியில ஏடிஎம்ல எடுத்துடுவாங்க, இல்ல கிரிப்டோவா மாத்திடுவாங்க. 1930 என்ற உதவி எண் இருக்கிறதே இந்தச் சங்கிலியை நடுவுல அறுக்கத்தான். நீங்க சொல்ற பரிவர்த்தனை எண்ணை வெச்சு, பணம் போய்ச் சேர்ந்த பேங்குக்குத் தகவல் போகும். பணம் அங்கேயே இருந்தா நிறுத்தி வைப்பாங்க. அடுத்த பேங்குக்கு நகர்ந்திருந்தா தகவலும் பின்னாடியே போகும். இது ஓட்டப்பந்தயம். அப்பா கோவிச்சுப்பாரோ, மருமக என்ன நினைப்பாளோன்னு யோசிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் பணம் ஒரு கணக்கு தள்ளிப் போயிட்டிருக்கு.

விதியும் நேரத்தைத்தான் பார்க்குது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு. உங்க மேலயும் பேங்க் மேலயும் தப்பு இல்லாம, வேற எங்கேயோ ஓட்டை விழுந்து உங்க அனுமதி இல்லாம பணம் போயிருந்தா, தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள பேங்க்ல புகார் கொடுத்தா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். ஒருவேளை ஓடிபியை நீங்களே சொல்லிட்டீங்கன்னாலும், புகார் கொடுக்கிற வரைக்கும் போனதுதான் உங்க நஷ்டம். கொடுத்த பிறகு போற ஒவ்வொரு ரூபாய்க்கும் பேங்க்தான் பொறுப்பு. தப்பு வாடிக்கையாளர் மேலன்னு நிரூபிக்க வேண்டியதும் பேங்க்தான், நீங்க இல்ல. கவுன்ட்டர்ல இதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டாங்க. நாமதான் தெரிஞ்சுக்கணும். 30 நாள் ஆகியும் பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம். அந்த உதவி எண் 14448.

இப்போ வீட்டுக்கு வருவோம். 'டிஜிட்டல் அரெஸ்ட்' பத்திக் கேள்விப்படாதவங்க குறைவு. உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள், உங்க ஆதார்ல வாங்கின சிம்ல குற்றம்னு ஆரம்பிப்பாங்க. வீடியோ கால்ல காக்கிச்சட்டை, பின்னாடி சிபிஐ போர்டு. "யார்கிட்டயும் சொல்லக்கூடாது, கேமராவை அணைக்கக்கூடாது." இந்தியச் சட்டத்துல டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாது. எந்தப் போலீஸும் வாட்ஸ்அப்ல கைது பண்ணாது, "சரிபார்க்கணும், பணத்தை இந்தக் கணக்குக்கு மாத்து"ன்னும் கேக்காது. இதுல மாட்டினவங்கள்ல ரிட்டயர்டு பேராசிரியர்கள், டாக்டர்கள், பேங்க் அதிகாரிகள் எல்லாம் இருக்காங்க. படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சட்டத்துக்குப் பயந்து ஒழுங்கா வாழ்ந்தவங்களைத்தான் இது குறி வைக்குது. "யார்கிட்டயும் சொல்லக்கூடாது"ங்கிற அந்த ஒரு வரிதான் மொத்த மோசடிக்கும் அஸ்திவாரம். மகன்கிட்ட கூச்சமில்லாம ஃபோன் பண்ணிக் கேட்கிற அம்மா இருக்கிற வீட்ல இது எடுபடாது.

அடுத்தது கொஞ்சம் டெக்னிக்கல், ஆனா பொறுமையா படிங்க. குரியர் டெலிவரின்னு ஃபோன் வரும். "அட்ரஸ் கிடைக்கல, இந்த நம்பருக்கு அடிங்க"ன்னு சொல்லி *21* இல்ல *401* போட்டு ஒரு மொபைல் எண்ணை அடிக்கச் சொல்வான். அடிச்சா உங்களுக்கு வர்ற அழைப்பெல்லாம் அவன் ஃபோனுக்குத் திரும்பிடும். அப்புறம் உங்க வாட்ஸ்அப்பை அவன் ஃபோன்ல திறப்பான், சரிபார்ப்புக் குறியீட்டை அழைப்பு மூலமா வாங்கிப்பான், முடிஞ்சது. அடுத்த பத்தாவது நிமிஷம் உங்க பேர்லயே பூத் குரூப்புக்கு மெசேஜ் வரும்: "அண்ணே, ஆஸ்பத்திரில இருக்கேன், அவசரமா 10 ஆயிரம் போட்டு விடுங்க". தெரிஞ்ச அண்ணன்தானேன்னு நாலு பேர் போட்டும் விடுவாங்க. சந்தேகம் வந்தா ##002# அடிங்க, திருப்பிவிட்டது எல்லாம் ரத்தாகும். வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல இருக்கிற இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இன்னைக்கே போட்டுடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் ஃபைன்னு ஃபைல் வந்தா, பேருக்குக் கடைசியில ஏபிகே-ன்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா அது பத்திரிகை இல்ல, ஆப். தொடவே தொடாதீங்க.

வேலை செய்யிற இடத்துல கதை வேற மாதிரி. திருப்பூர், கரூர் மாதிரி ஏற்றுமதி ஊர்கள்ல நடக்கிற மோசடியில ஓடிபியே கிடையாது. கம்பெனி மெயிலுக்குள்ள எவனோ நுழைஞ்சு வாரக்கணக்கில சத்தமில்லாம படிச்சுட்டிருப்பான். நூல் சப்ளையருக்குப் பணம் போக வேண்டிய நாள்ல சரியா ஒரு மெயில் வரும்: "எங்க பேங்க் கணக்கு மாறிடுச்சு, இனிமே இதுல போடுங்க." லோகோ அதே, கையெழுத்து அதே, முகவரியில மட்டும் ஒரு எழுத்து வேற. அக்கவுன்ட்ஸ்ல இருக்கிற பொண்ணு பணத்தைப் போட்டுடும், அப்புறம் அதோட வேலையும் போயிடும். முதலாளிகள் ஒரே ஒரு விதி வெச்சாப் போதும்: கணக்கு எண் மாறுதுன்னு மெயில் வந்தா, ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கிற பழைய நம்பருக்கு ஃபோன் போட்டுக் கேட்ட பிறகுதான் பணம் போகணும். எம்.டி. ஃபோட்டோ வெச்ச புது நம்பர்ல இருந்து "மீட்டிங்ல இருக்கேன், உடனே அனுப்பு"ன்னு வந்தாலும் இதே விதிதான். திருப்பிக் கேட்ட ஊழியரைத் திட்டுற முதலாளி, தன் பணத்துக்குத் தானே குழி வெட்டிக்கிறார்.

என் வயசுப் பசங்களுக்கு ஒண்ணு தனியா சொல்லணும். "உன் பேங்க் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தர்றேன்"னு கேட்பான். மேலே சொன்ன சங்கிலியில முதல் கணக்கு உன்னோடதுதான் தம்பி. போலீஸ் முதல்ல வந்து நிக்கிறது உன் வீட்டு வாசல்லதான். அதே மாதிரி, தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலைன்னு கூட்டிட்டுப் போய், எல்லை தாண்டி மியான்மர்ல அடைச்சு வெச்சு, அடிச்சு உதைச்சு நம்மாளுங்களையே மோசடி ஃபோன் பேச வெச்சாங்க. 2022-லேயே அங்கிருந்து தமிழ்நாட்டு இளைஞர்களை மீட்டுக் கொண்டு வந்தாங்க. அந்தப் பக்கம் பேசுறவன்ல சிலரும் மாட்டிக்கிட்டவங்கதான்.

இவ்வளவும் சொன்னாலும், "மக்களே உஷார்"னு காலர் ட்யூன் போட்டா வேலை முடிஞ்சதுன்னு அரசு நினைக்கிறதை ஏத்துக்க முடியாது. 2023-ல நாடு முழுக்க சைபர் மோசடியில போனது சுமார் 7,465 கோடி ரூபாய். 2024-ல 22,845 கோடி. ஒரே வருஷத்துல மூணு மடங்கு, நாடாளுமன்றத்துல உள்துறை அமைச்சகமே கொடுத்த கணக்கு. ஒரு முதியோர் பென்ஷன் கணக்குக்கு ஆயிரம் ஆவணம் கேக்கிற பேங்குல, மோசடிப் பணம் வந்து போக இத்தனை கணக்குகள் எப்படித் திறந்துச்சு? வாழ்நாள் சேமிப்பு மொத்தமும் ஒரே மதியத்துல முன்பின் தெரியாத கணக்குக்குப் போறப்போ, பேங்க் சிஸ்டத்துல ஒரு மணி கூடவா அடிக்கல?

பிரிட்டன்ல 2024 அக்டோபர் 7-ல இருந்து ஒரு விதி அமல்ல இருக்கு. ஏமாத்தப்பட்டு நீங்களே அனுப்பின பணமா இருந்தாலும், 85,000 பவுண்டு வரைக்கும் திருப்பித் தரணும். அந்தத் தொகையை அனுப்பின பேங்கும் வாங்கின பேங்கும் பாதிப் பாதி ஏத்துக்கணும். ஏமாந்தவங்க ரொம்ப அலட்சியமா இருந்திருந்தா போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனா வாங்கின பேங்கும் பணம் கட்டணும்னு ஆன பிறகு, போலிக் கணக்கைத் தேடிப் பிடிக்கிற அக்கறை தானா வரும். இங்கே "நீங்களே அனுப்பினது சார், நாங்க என்ன பண்றது"ன்னு கையை விரிச்சுடுறாங்க. 2017 சுற்றறிக்கையில இருக்கிற பாதுகாப்பை இப்படிப் போன பணத்துக்கும் நீட்டிக்கணும். நாம குரல் எழுப்ப வேண்டிய இடம் இது.

கடைசியா நம்ம குரூப்களுக்கு ரெண்டு வார்த்தை. "தலைவர் பிறந்தநாளை முன்னிட்டு 3 மாசம் ரீசார்ஜ் இலவசம்"னு எல்லாக் கட்சிப் பேர்லயும் லிங்க் சுத்துது, நம்ம பேர்லயும் வரும். எந்தக் கட்சியும் ரீசார்ஜ் போடாது, அட்மின்கள் பார்த்த உடனே அழிச்சுடுங்க. உறுப்பினர் சேர்க்கைக்குன்னு ஆதார் நகலையும் வாக்காளர் அட்டையையும் 200 பேர் இருக்கிற குரூப்ல போடுறாங்க சிலர். அந்த 200 பேரும் நமக்குத் தெரிஞ்சவங்களா? பொறுப்பாளருக்குத் தனியா அனுப்புங்க, வேலை முடிஞ்சதும் அழிக்கச் சொல்லுங்க.

உங்க வார்டுல யாராவது பணத்தை விட்டா, என்ன நடந்துச்சுன்னு அப்புறம் கேட்டுக்கலாம். முதல்ல அவங்க ஃபோன்ல இருந்தே 1930 அடிச்சுக் கொடுங்க, லைன் கிடைக்கலைன்னா விடாம திரும்ப அடிங்க, இன்னொரு பக்கம் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்துல புகாரைப் பதிவு பண்ணுங்க, பேங்குக்கும் சொல்லிடுங்க. ஃபார்ம் நிரப்பத் தெரியலைன்னா இந்தப் பதிவுக்குக் கீழே மாவட்டத்தின் பேரை மட்டும் போடுங்க. கணக்கு எண், ஃபோன் நம்பர் எதுவும் போட வேண்டாம். உங்க பகுதித் தோழர் இன்பாக்ஸ்ல வருவார். அவரும் உங்ககிட்ட ஓடிபி கேக்க மாட்டார், கேட்டா அவரையும் பிளாக் பண்ணுங்க.

- தகவல் தொழில்நுட்ப அணி