'கொழும்பு மாமா' எண்டது பெயரில்லை

பழைய குடும்பப் படங்களைத் தேடி எடுத்து, ஸ்கான் பண்ணி, செயலியால் நிறம் தீட்டிப் போடுவது இப்ப எங்கட வயதுக்காரரிடம் நல்லாப் பரவியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் பத்துப் பேர் நிற்கிற கலியாணப் படத்தில் மூன்று பேரைத்தான் எங்களுக்குத் தெரியும் என்றால், சேலைக்கு என்ன நிறம் என்று பார்க்கிறதுக்கு முதல் வேறு வேலை இருக்கு. படம் இன்னும் ஐம்பது வருசம் கிடக்கும். அதில் நிற்கிறவர்களைத் தெரிந்த அம்மம்மா இருக்கமாட்டா.

எங்கட படங்கள் மிஞ்சினதே பெரிய காரியம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்த சனத்துக்குக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும்தான் முதலில் கைக்கு வந்தது. அல்பம் பாரம். வன்னிக்குப் போய்ச் சேர்ந்த அல்பங்களும் கனக்க 2009 இல் போயிற்று. அதனால் பல வீடுகளுக்கு மிஞ்சியிருப்பது, வெளிநாட்டில் இருந்த ஆருக்கோ தபாலில் அனுப்பின பிரதிதான். படம் ரொறன்ரோவில், அதில் நிற்கிறவவைத் தெரிந்த பெரியம்மா சாவகச்சேரியில். இரண்டையும் சேர்க்க ஒரு வட்ஸ்அப் அழைப்புப் போதும்.

கேட்டாலும் லேசில் பெயர் வராது. "உது எங்கட சின்னக்கா" என்பினம். ஆருடைய சின்னக்கா? 'கொழும்பு மாமா' எண்டால் சொல்லுகிறவவுக்கு மாமாவா, அவவின்ர பிள்ளைகளுக்கு மாமாவா? எங்கட ஆக்கள் உறவுமுறையால்தான் ஆளை அறிவினம். சொல்லுகிறவர் போய்விட்டால் அந்த முறை எங்கே தொடங்குது எண்டதும் அவரோடேயே போயிடும். ஆகவே பதிவுப் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் விடாமல் கேளுங்கோ. பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். கலியாணம் முடிந்ததும் தகப்பன் பெயர் கழன்று புருசன் பெயர் ஏறிவிடும். படத்தின் பின்பக்கமும் 'திருமதி' போட்டுப் புருசன் பெயரே எழுதியிருக்கும். அவவுக்கென்று ஒரு பெயர் இருந்தது.

நினைவு தவறின இடத்தில் கல்வெட்டுக் கைகொடுக்கும். அந்தியேட்டிக்கு அடிக்கிற அந்தப் புத்தகங்களில் தேவாரங்களைத் தாண்டிப் போனால் பலவற்றில் வம்சாவளி இருக்கும். நூலகம் இணையத்தளத்திலும் இப்படியான நினைவு மலர்கள் ஏராளம் கிடக்கு. படமும் தன்பாட்டில் கொஞ்சம் சொல்லும். பின்பக்கத்து ஸ்ரூடியோ முத்திரை ஊரைக் காட்டும். காரின் இலக்கத்தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' இருந்தால் (தமிழரசுக் கட்சி எதிர்த்துப் போராடின அதே எழுத்துத்தான்) படம் 1950களின் பிற்பகுதிக்கு முந்தியதில்லை.

எங்களுக்கு உறுத்துகிறது ஓரத்தில் நிற்கிறவர்களின் கதை. "உது ஆரோ வேலைக்கு நிண்ட பெடி" என்று சொல்லி விரல் அடுத்த முகத்துக்குப் போய்விடும். சில படங்களில் ஒரு முகம் மட்டும் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருக்கும். சாதி மாறிக் கட்டினவவும் அப்படி வெட்டுப்பட்டிருப்பா, இயக்கத்துக்குப் போனவரும் வெட்டுப்பட்டிருப்பார். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கேலாது. முதலாவது குடும்ப மானத்துக்காகச் செய்தது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம், கேட்கவும் வேணும். இரண்டாவது பயத்தால் செய்தது. சுற்றிவளைப்பில் ஒரு படம் முழு வீட்டையும் காவு கொடுத்திருக்கும். அம்மம்மா அந்த இடத்தில் நிறுத்தினால் நாங்களும் நிறுத்தத்தான் வேணும். அவ சொன்னாலும் அது அவவிடம் கேளாமல் பேஸ்புக்குக்குப் போகக்கூடாது.

எழுதுகிறதைப் பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கோ. பேனை மை முன்பக்கம் ஊறும், அழுத்தினால் முகத்தில் தடம் விழும். இடமிருந்து வலமாக, நிற்கிற வரி, இருக்கிற வரி, மடியில் இருக்கிற குழந்தை, வேலைக்கு நிண்ட பெடி. நிச்சயமில்லாத பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, கீழே சொன்னவர் ஆர், எந்த நாள்.