மாஸ்டடான், ப்ளூஸ்கை: கடைமடைக்குத் தண்ணீர் வருமா?

2019-இல் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. கடுப்பான இந்தியப் பயனர்கள் பலர் மாஸ்டடானுக்குக் கிளம்பினார்கள். ஆனால் அந்த வேகம் நீடிக்கவில்லை. 'பழக்கதோஷம்' என்று பயனர்கள் மேல் பழி போடுவது சுலபம். கோளாறு வடிவமைப்பிலேயே இருக்கிறது.

எப்படி இயங்குகிறது?

எக்ஸ், ஃபேஸ்புக் எல்லாம் தனித்தனி நிறுவனங்களின் கையில். மாஸ்டடானில் யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம். அவை 'ஆக்டிவிட்டிபப்' என்ற பொது நெறிமுறையில் பேசிக்கொள்ளும். 2018 ஜனவரியில் டபிள்யூ3சி இதைப் பரிந்துரைத் தரமாக அறிவித்தது.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதுசல்ல. ஊருக்கு ஊர் குளம். பேச்சிப்பாறைத் தண்ணீரைக் கொண்டுவரக் கால்வாய். அங்கே எப்போதும் உள்ள கேள்வி ஒன்றுதான்: கடைமடைக்குத் தண்ணீர் வருமா?

சிறிய சர்வர், குறைந்த தகவல்

நாகர்கோவிலில் இருபது பேர் சேர்ந்து ஒரு சர்வர் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த இருபது பேர் பின்தொடரும் ஆட்களின் பதிவுகள்தான் பெரும்பாலும் அங்கே வந்துசேரும். அதே ஹேஷ்டேக்கைப் பெரிய சர்வரில் தேடினால் பல மடங்கு கிடைக்கும்.

சினிமா அரட்டைக்கு இது பரவாயில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வீசியதைப் போன்ற ஒரு நாளை யோசியுங்கள். 'படகு கரை சேர்ந்தது' என்று குளச்சல்காரர் ஒரு சர்வரில் போட்ட பதிவு, வேறு சர்வரில் தேடும் தூத்தூர் குடும்பத்தின் கண்ணில் படாமலே போகலாம். அதனால்தான் எல்லோரும் பெரிய சர்வருக்கே ஓடுகிறார்கள். அப்புறம் 'பரவலாக்கம்' பெயரளவில்தான்.

முகவரி யாருடையது?

மாஸ்டடானில் உங்கள் பெயர் சர்வரோடு ஒட்டியது. வேறு சர்வருக்கு மாறினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள். பழைய பதிவுகள் வராது. சர்வர் திடீரென்று மூடப்பட்டால் அதுவும் போச்சு. 2024 பிப்ரவரியில் 'குயர்.ஏஎஃப்' சர்வரின் முகவரியை ஆப்கானிஸ்தானின் தாலிபன் அரசு ரத்து செய்ததும் அந்தச் சர்வர் முடங்கியது.

ப்ளூஸ்கையின் 'ஏடி புரோட்டோகால்' அடையாளத்தைச் சர்வரிலிருந்து பிரிக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலான கணக்குகள் அந்த நிறுவனம் உருவாக்கிய ஒரே பதிவேட்டை நம்பியிருக்கின்றன. நோஸ்டரில் ரகசியச் சாவிதான் நீங்கள். சாவி தொலைந்தால் 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' கிடையாது.

என்னதான் வழி?

ஜிபேயிலிருந்து ஃபோன்பேவுக்குப் பணம் போகிறது. காரணம், நடுவில் என்பிசிஐ இருக்கிறது. 2025-இல் 'அரட்டை' செயலி பிரபலமானபோது, மெசேஜிங் சேவைகளும் யுபிஐ போல ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றார் ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு. அதில் பாடம் இருக்கிறது. தேடலுக்கும் அடையாளத்துக்கும் ஏதோ ஒரு பொது மையம் தேவைப்படும். அதை மறைப்பதைவிட, அதை யார் நடத்துவது, தவறினால் யார் தட்டிக்கேட்பது என்று வெளிப்படையாக எழுதிவைப்பதே நேர்மை.

அதுவரை சேர விரும்புபவர்கள் செய்ய வேண்டியவை: சர்வரை நடத்துவது யார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தரவை அவ்வப்போது டவுன்லோடு செய்யுங்கள். மாஸ்டடானின் தனிச்செய்திகளைச் சர்வர் நடத்துபவரால் பார்க்க முடியும். ரகசியம் எதையும் அதில் எழுதாதீர்கள்.