பேட்டரி விளக்கு எரியுதா? பேட்டரியைத் திட்டாதீங்க!

வெள்ளிக்கிழமை இரவு. பெங்களூருவில் வேலையை முடித்துவிட்டு என்.எச். 48-இல் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். வாணியம்பாடி தாண்டியாச்சு. ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தலாமா என்று காருக்குள் பேச்சு ஓடுகிறது. திடீரென்று பானெட்டுக்குள் ‘பட்’ என்று ஒரு சத்தம். டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு பேட்டரி படம். ஆனால் இன்ஜின் நிற்கவில்லை, வண்டி ஓடுகிறது. “பேட்டரி வீக் போல. வேலூர் போய்ப் பார்த்துக்கலாம்” என்று ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள்.

சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய கோளாறு, இன்ஜினையே இறக்கும் செலவாக மாறுவது இந்த இடத்தில்தான். தப்பு முழுக்க உங்களுடையது அல்ல. அந்த விளக்கில் இருக்கும் படமே பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

விளக்கு என்ன சொல்கிறது?

பேட்டரியின் முக்கிய வேலை, இன்ஜினை ஸ்டார்ட் செய்வது. வண்டி கிளம்பிய பிறகு ஹெட்லைட், ஏசி ஃபேன், ஃபியூயல் பம்ப் என எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் அதுவே. அதைச் சுற்றவைப்பது, இன்ஜினின் கிராங்க் புல்லியில் மாட்டியிருக்கும் ஒரு ரப்பர் பெல்ட். இன்ஜினைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் ஆல்டர்னேட்டர் சுற்றும்.

ஓடும் வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ‘சார்ஜ் ஏறவில்லை’ என்று அர்த்தம். பெல்ட் அறுந்திருக்கலாம், ஆல்டர்னேட்டர் பழுதாகியிருக்கலாம், ஒயர் கழன்றிருக்கலாம். அவசரப்பட்டுப் புது பேட்டரி வாங்கி மாட்டினால், அதுவும் கொஞ்ச நேரத்தில் காலியாகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பல வண்டிகளில் அதே பெல்ட்தான் இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் கூலன்ட் ஓட்டம் நின்றுவிடும். சில நிமிடங்களில் இன்ஜின் கொதிக்க ஆரம்பிக்கும். அதற்கு மேலும் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். பவர் ஸ்டீயரிங் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருந்தால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். சில பழைய டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வாக்வம் பம்ப், ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அங்கே பெல்ட் போனால் பிரேக்கும் கனத்துவிடும்.

அடுத்த ஐந்து நிமிடம்

ஏசி, பாட்டு, சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். ஹசார்டு விளக்கைப் போட்டு, இடது ஓரமாக, முடிந்தால் ஒரு பெட்ரோல் பங்க் அல்லது வெளிச்சமான இடத்தில் நிறுத்துங்கள். வெப்பநிலை முள் ஏறத் தொடங்கினால் அந்த இடம்வரை போகப் பார்க்காதீர்கள். கிடைத்த ஓரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். எல்லோரும் இறங்கி சாலைத் தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைக்கலாம்.

“பேட்டரி சார்ஜிலேயே ஓட்டிடலாமே?” என்று கேட்கலாம். சின்ன கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. இரவில் ஹெட்லைட்டுக்கு மட்டும் சுமார் 10 ஆம்பியர் போகும். ஃபியூயல் பம்ப், இக்னிஷன், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்ந்தால் 20, 25 ஆம்பியர். கணக்குப்படி ஒன்றரை மணி நேரம் வரும். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம். அதுவும் வாட்டர் பம்ப் வேறு வழியில் சுற்றும் வண்டியாக இருந்தால்தான். அது உங்களுக்குத் தெரியாது என்றால், மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் இருப்பதே நல்லது.

பெல்ட்தானா என்று எப்படித் தெரியும்?

இன்ஜினை அணைத்து, சூடு ஆறியதும், செல்போன் டார்ச்சில் இன்ஜினின் பக்கவாட்டைப் பாருங்கள். பெல்ட் இல்லை, அல்லது நார் நாராகத் தொங்குகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். பெல்ட் இருந்தும் விளக்கு எரிந்தால் மல்டிமீட்டர் பேசட்டும். இன்ஜின் அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே இருந்து, இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை.

அறுவதற்கு முன்பே பெல்ட் பலமுறை கூப்பிட்டிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’ என்று கத்துவது, ஏசி போட்டால் கூச்சல் கூடுவது எல்லாம் அதன் மொழி. மெக்கானிக்குகள் இதற்கு ஒரு சோதனை செய்வார்கள். இன்ஜின் ஓடும்போது, கை எட்ட நின்று பெல்ட்டின் வரிப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் ஸ்ப்ரே செய்வார்கள். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. கொஞ்ச நேரம் அடங்கித் திரும்ப வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை.

“விரிசலே இல்லையே, நல்லாத்தானே இருக்கு” என்ற பேச்சை இனி நம்பாதீர்கள். பழைய ரப்பர் பெல்ட்டுகளில் வயதானால் வெடிப்பு தெரியும். இப்போது வருபவை பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். இது சீக்கிரம் வெடிக்காது. டயர் மாதிரி தேயும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் பள்ளங்கள் அகன்று பிடிப்பு போயிருக்கும். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தோல் ஊர்தானே, ஒரு தோல் பட்டை கட்டினால்?

ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடிவரை தோல் தொழில் நடக்கும் ஊர்கள். இங்கே வண்டி நின்றால் யாராவது ஒருவர் இந்த ஜோக்கைச் சொல்லாமல் இருக்கமாட்டார். வரலாற்றில் அது ஜோக் இல்லை. ஒருகாலத்தில் ஆலைகளில் இயந்திரங்களைச் சுற்றவைத்தது தோல் பெல்ட்தான். 1861-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஜோசப் ஹென்றி ஃபென்னர் தொடங்கிய தொழில், தோல் பெல்ட் செய்வது. அந்தப் பெயர் தாங்கிய நிறுவனம் நம் மதுரை கோச்சடையில் ரப்பர் வி-பெல்ட் செய்கிறது. ரப்பர் வி-பெல்ட்டை 1917-இல் அமெரிக்காவில் கொண்டுவந்த கேட்ஸ் நிறுவனமும் தோல் சரக்கில் தொடங்கியதுதான்.

ஆனால் இன்றைய பெல்ட்டின் உட்புறம் நீளவாக்கில் வரிவரியாக இருக்கும். அந்த வரிகள் புல்லியின் பள்ளங்களில் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் பிடிப்பு. கயிறோ, துணியோ, தோலோ கட்டினால் அடுத்த நொடி வழுக்கிக்கொண்டு எங்காவது சுற்றிக்கொள்ளும். அதனால் ஜோக்கோடு நிறுத்திக்கொள்வோம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பெல்ட்டின் முதுகில் ‘6பிகே1750’ மாதிரி ஓர் எண் இருக்கும். 6 வரிகள், பிகே என்ற வடிவம், 1,750 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். அந்த எண்ணை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். “ஃபேன் பெல்ட் குடுங்க” என்று கேட்பதைவிட எண்ணைக் காட்டினால் வேலை முடியும்.

வேலை தொடங்கும் முன் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். பெல்ட் ஓடும் பாதையைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பல வண்டிகளில் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரே இருக்கும். அறுந்த துண்டு கிராங்க் புல்லியில் சுற்றியிருந்தால் முழுசாக எடுக்க வேண்டும். ஸ்பிரிங் டென்ஷனர் உள்ள வண்டியில் ஸ்பேனரால் அதைத் திருப்பினால் இடம் கிடைக்கும். பெல்ட்டை மாட்டி விட்டுவிட்டால் தானே இறுகும். போல்ட் வைத்து இறுக்கும் வகையில், நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் போதும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். அதிகம் இறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங் போகும்.

முக்கியமான கேள்வி ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: “ஏன் அறுந்தது?” புது பெல்ட்டை மாட்டும் முன் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இறுகி நின்றாலோ, கரகரவென்று கேட்டாலோ குற்றவாளி அதுதான். ஆயில், கூலன்ட் ஒழுகல் இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் புது பெல்ட்டும் சீக்கிரமே அறுந்து கையில் வரும். எல்லாம் முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு வோல்ட் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பில்லில் ஒரு வரி வேண்டும்

நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகள் பாயும் இருட்டில் நீங்களே பெல்ட் மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது ஆபத்து. என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளும் அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். ஆயில் மாற்றினோமா, ஏசி கூலிங் வருதா, வண்டியை வாஷ் பண்ணீங்களா என்று சர்வீஸில் கேட்கிற நாம், பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவர்களும் கேட்காததைச் சொல்வதில்லை. பழைய கார் வாங்குபவர்கள் பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்பவர் எத்தனை பேர்?

அடுத்த சர்வீஸில் ‘பெல்ட், டென்ஷனர் பார்க்கப்பட்டது’ என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். மாற்றினால் பழையதைக் கையில் வாங்குங்கள். கார் கம்பெனிகளுக்கும் ஒரு கோரிக்கை: இவ்வளவு பெரிய திரை வைக்கிறீர்கள், பேட்டரி படத்தோடு ‘சார்ஜ் ஏறவில்லை, ஓரமாக நிறுத்தவும்’ என்று தமிழில் ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்?

அதுவரை, ஓடும் வண்டியில் அந்தச் சிவப்புப் படம் எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது வெப்பநிலை முள்ளை. பிரியாணி ஆறினால் பரவாயில்லை, இன்ஜின் கொதிக்கக் கூடாது.